பூங்கோதை டீச்சரும் மழை வராத வருஷத்து வானாவும்

டில்லிக்கு வந்த முதல் மாதமே பூங்கோதை பஸ் மாறி ஏறி முனிர்காவில் போய் இறங்கினாள்.

எழுபத்துநாலாம் வருஷம். கல்யாணமாகிக் கோவில்பட்டியிலிருந்து சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து, பெட்டியிலிருந்த புடவைகளின் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஊரிலிருந்து வேலையாக வந்த சித்தப்பா சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்கியிருந்தார். கணவர் சிவஞானம் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். ஆபீஸ் போகிற வழியில் அவளை அங்கே கொண்டுவந்து விட்டு, "திரும்பும்போது போர்டைப் பாத்து ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்டை அவள் பார்க்கத்தான் பார்த்தாள். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஒரு கோட்டிலிருந்து எழுத்துகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் வந்த பஸ்ஸிலும் இப்படித்தான் தொங்கின என்ற ஒரே நம்பிக்கையில் ஏறிவிட்டாள். முனிர்காவில் எல்லோரும் இறங்க, அவளும் இறங்கி, எருமைகள் படுத்திருந்த ஒரு சந்தின் முனையில் நின்றாள். அங்கே வாடகை அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த தமிழ்ப் பையன்கள் இரண்டு பேர் அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்து, "அக்கா, தமிழா?" என்று கேட்டுச் சரியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த சிவஞானம் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். ஒரு பலகையின் முன்னால் கைநாட்டு மாதிரி நின்றது அவளுக்கு உறைத்தது.

மறுநாளே பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்மணியிடம், அவள் மகளின் பழைய இந்தி பாலபாடத்தைக் கேட்டு வாங்கினாள். பக்கத்துக்கு ஒரு எழுத்து, ஒரு படம். புறாவையும் மாதுளம்பழத்தையும் பிடித்துக்கொண்டு எழுத்துகளைப் பிடித்தாள். அடுத்த வருஷம் சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் பேரம் பேசும்போது கடைக்காரனே, "பஸ், பெஹன்ஜி, பஸ்", போதும் தாயே போதும் என்று கைகூப்புகிற அளவுக்கு இந்தி வந்துவிட்டது.

தமிழ் விஷயம் வேறு மாதிரி வந்தது. மகள் தங்கத்துக்குப் பத்து வயதானபோது ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கம், "விருத்தாசலம்" என்று சத்தமாகப் படித்தாள். பூங்கோதைக்குப் பெருமை. எட்டிப் பார்த்த பிறகுதான், மகள் படித்தது பலகையின் இந்தி வரியை என்று தெரிந்தது.

"மேல தமிழ்ல இருக்கே, அதைப் படி."

தங்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது டிசைன் மாதிரி இருக்கும்மா" என்றாள்.

பூங்கோதைக்கு முனிர்காச் சந்தில் தான் நின்றது ஞாபகம் வந்தது. டில்லிக்குத் திரும்பியதும் தங்கத்தை உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு ஹோம்வொர்க், டான்ஸ், சிநேகிதி பிறந்தநாள் என்று ஆயிரம் ஜோலி. சின்னதிலேயே பிடித்திருக்க வேண்டும் என்று பூங்கோதைக்குப் பட்டது. அடுத்த மாதமே காலனியின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைச் சேர்த்துக் காலை வகுப்பு ஆரம்பித்துவிட்டாள்.

இடம் கொடுத்தது காலனித் தமிழர்கள் நடத்திய சின்னச் சங்கம். மார்க்கெட்டுக்குப் பின்னால் அதற்கு ஒரே ஒரு அறை. காலையில் சும்மா கிடந்தது. ஃபேன் உண்டு, கரும்பலகை உண்டு, வாசலில் சிமெண்ட் முற்றமும் ஒரு நாவல் மரமும் உண்டு. சங்கச் செயலாளர் வேதாந்தம் மாமா, பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், சாவியைக் கொடுக்கும்போது, "குழந்தைகள் சுவத்துல கிறுக்காம பாத்துக்கோம்மா" என்று மட்டும் சொன்னார். சுவரில் கிறுக்க அவளே சாக்பீஸ் கொடுப்பாள் என்று அவருக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருஷம் ஓடியது. எண்பத்தேழாம் வருஷ ஜூனில் வகுப்புக்குச் சுப்பு வந்து சேர்ந்தான்.

சுப்புவின் அம்மா ருக்மிணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். அப்பா வெங்கடராமன் சர்க்கார் ஆபீஸில் அசிஸ்டெண்ட். கைக்குழந்தையிலிருந்தே சுப்பு கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணியிடம்தான் பகலெல்லாம் இருந்தான். அவளை எல்லோரும் மாஷிமா என்பார்கள். வங்காளிகள் வாயில் 'வ' வராது, 'ப'தான் வரும். சுப்புவுக்கும் அப்படியே. வீடு அவனுக்கு பீடு. வாழைப்பழம், பாழைப்பழம். வயிறு வலித்தால், "பயிறு பலிக்கறது" என்பான்.

இதெல்லாம் கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது. வெயில் என்ற வார்த்தையில்தான் தகராறு. சேர்க்க வந்த அன்றைக்கே வெங்கடராமன் குமுறினார்.

"டிபார்ட்மெண்டல் எக்ஸாம் எழுதப்போறேன், மேடம். கார்த்தால புஸ்தகத்தைத் திறந்தா, இவன் ஜன்னல்கிட்ட நின்னுண்டு 'அப்பா, இன்னிக்கும் பெயில்'ங்கறான். ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் அவன் சொன்னபடியேதான் ஆச்சு."

ருக்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பூங்கோதை சுப்புவைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைக் கழற்றி அதன் வாரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"இவனுக்காக இந்தத் தடவை வானாவிலேருந்து ஆரம்பிச்சிருவோம்" என்றாள்.

மழைக்காலம் வரப்போகிறது, வானம், வெயில், வானவில் என்று எல்லாம் வரிசையாக வரும், தோதாக இருக்கும் என்று கணக்குப் போட்டாள். சுவரில் ஒரு பெரிய அட்டை மாட்டினாள். அதில் ஒரு ஆணி. பக்கத்தில் ஒரு டப்பாவில் மஞ்சள் அட்டைச் சூரியன்கள், பஞ்சு ஒட்டிய மேகங்கள், நீல நூலில் கோத்த மழைத்துளிகள். தினமும் ஒரு குழந்தை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு எதுவோ அதை ஆணியில் மாட்டிச் சொல்ல வேண்டும்.

சூரியன்தான். மறுநாளும் சூரியன். ஜூலை பிறந்தது. ஜூனிலேயே நிற்க வேண்டிய லூ என்கிற அனல் காற்று நிற்காமல் புழுதியை வாரி அடித்தது. மேகங்கள் டப்பாவிலேயே கிடந்தன. அந்த வருஷம் டில்லிக்கு மழை வரவே இல்லை.

பூங்கோதை சளைக்கவில்லை. வருகிறதை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள். வந்தது வெயில். ஒரு கிண்ணம் தண்ணீரும் ஆளுக்கொரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கொடுத்து முற்றத்தில் உட்காரவைத்தாள். "முதல்ல ஒரு சுழி. அப்புறம் கீழ இறங்கு. பக்கத்துல நட. மேல ஏறு." குழந்தைகள் தண்ணீரால் 'வ' எழுதின. எழுதி முடிப்பதற்குள் சிமெண்ட் அதைக் குடித்துவிடும். சுழி முதலில் காணாமல் போகும், அப்புறம் கால்.

"யாரு அழிச்சா?" என்று கேட்பாள்.

"வெயிலு" என்று எல்லோரும் கத்துவார்கள். சுப்பு மட்டும், "பெயிலு" என்பான். மறுபடி எழுதுவார்கள். சிலேட்டில் பத்துத் தடவை எழுதச் சொன்னால் மூக்கால் அழுகிற குழந்தைகள், வெயிலோடு போட்டி போட்டுக்கொண்டு எழுதித் தள்ளினார்கள்.

சுப்புவின் உதட்டுக்குத் தனி வைத்தியம் வேண்டியிருந்தது. ஒரு நாள் டப்பாவில் தூங்கிய மேகங்களில் ஒன்றைப் பிய்த்து, பஞ்சை நூலில் கட்டி அவன் வாய்க்கு நேரே தொங்கவிட்டாள்.

"சுப்பு, இந்த மேகத்துகிட்ட வான்னு கூப்பிடு. மெதுவா. அதை விரட்டிரக் கூடாது."

"பா" என்றான். பஞ்சு எகிறிப் பறந்தது.

"பாத்தியா, ஓடிப்போச்சு. உதட்டை மூடாத. மேல்பல்லால கீழ் உதட்டைத் தொட்டுக்கோ. முயல் மாதிரி."

முயல் மாதிரி வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று தெரியாமல் எச்சில் ஒழுக நின்றான். மற்றக் குழந்தைகளுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு மேகம் கேட்டார்கள். அந்த வாரம் முழுக்கச் சங்க அறையில் பஞ்சு மேகங்கள் ஊசலாடின. சுப்புவின் மேகம் மட்டும் நிலைகொள்ளவே இல்லை. டில்லி மேகங்கள் ஓடிப்போனதற்குக் காரணமே அவன்தான் என்று சிவஞானம் வீட்டில் சொன்னார்.

பிறகு வானவில். நாவல் பழம் கொட்டிக் கிடந்தது, அதை நசுக்கி ஊதா. மஞ்சள்பொடியில் மஞ்சள். பாலக் கீரையைப் பிழிந்து பச்சை. சிவப்புக்கு பீட்ரூட். நீலத்துக்குத் துணிக்குப் போடும் சொட்டு நீலம். ஒரு பழைய வேட்டியைத் தரையில் விரித்துக் குழந்தைகள் விரலால் தேய்த்தார்கள். வேட்டியில் பாதி, சட்டையில் பாதி. அன்று சாயங்காலம் நான்கு அம்மாக்கள் நாவல் கறை படிந்த சட்டைகளோடு வந்தார்கள். பூங்கோதை எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்து, கறைக்கு எலுமிச்சம்பழம் சொல்லி அனுப்பினாள். கறை போகவில்லை.

வேட்டி வானவில்லைச் சுவரில் கட்டியபோது சுப்பு அதை வெகுநேரம் பார்த்தான்.

"ஆன்ட்டி, இது பேஷ்டி."

"வேட்டிதான். அதுல வானவில் இருக்குல்ல?"

"நிஜ பானபில்லு எங்கே?"

"மழை வந்தா வரும். வந்ததும் காட்டறேன்."

"மழை எப்போ?"

அதற்கு வானிலை இலாகாவிடமே பதில் இல்லை.

இதற்கு நடுவில்தான் ரம்மி வந்தது. வேதாந்தமும் அவருடைய நண்பர்களும், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், காலை வேளைகளில் நாவல் மரத்தடியில் பெஞ்சு போட்டுச் சீட்டாடுவார்கள். அந்த வருஷ அனலில் மரத்தடியில் உட்கார முடியவில்லை. சீட்டைப் போட்டால் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே ஃபேன் சுற்றுகிற அறையைப் பார்த்தார்கள். சங்கம் தங்களுடையது, அறையும் தங்களுடையது என்று ஞாபகம் வந்தது.

"குழந்தைகள் என்ன கத்துண்டிருக்குன்னு கமிட்டி ஒரு தரம் பாக்கட்டும்மா" என்றார் வேதாந்தம். "பிரயோஜனமா இருந்தா நடக்கட்டும். இல்லேன்னா வேற யோசிப்போம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தது. அப்பா அம்மாக்கள் சுவரோரம் நின்றார்கள். வேதாந்தம் முன்வரிசையிலிருந்த குழந்தையைப் பார்த்து, "எங்கே, அனா ஆவன்னா சொல்லு" என்றார். அது திருதிருவென்று விழித்தது.

"அதுக்கு இன்னும் போகலை சார். வானா, மானா, பானா முடிச்சிருக்கோம்" என்றாள் பூங்கோதை.

"அனாவை விட்டுட்டு வானாவிலேர்ந்து யாராவது ஆரம்பிப்பாளோ?"

"வெயிலு வாசல்லயே வந்து நின்னுச்சு சார். தானா வந்த எழுத்து. அதான் முதல்ல உக்காரவச்சேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேதாந்தம் சிரிக்கவில்லை. சுவர் அட்டையில் தொங்கிய சூரியனைக் கழற்றி, கைக்கு எட்டிய பையனிடம் காட்டினார். "இது என்னடா, சொல்லு பாப்போம்."

கைக்கு எட்டியவன் சுப்பு. எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நிமிர்ந்து நின்று, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பெயில்" என்றான்.

கமிட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அவனே ரிசல்ட்டைச் சொல்லிட்டானே" என்றார் ஒருவர். சுப்புவும் சேர்ந்து சிரித்தான், ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டோம் என்று. வெங்கடராமன் கூரையைப் பார்த்தார். பூங்கோதை அந்தச் சூரியனை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினாள். 

ஆகஸ்ட் கடைசியோடு அறையைக் காலி பண்ணித் தரும்படி வேதாந்தம் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டில் சிவஞானம்தான் பேச்சை எடுத்தார். "நம்ம வீட்டு ஹால்ல வச்சுக்கோயேன்."

"நம்ம ஹால்ல ரெண்டு பிள்ளை உக்காந்தா மூணாவது பிள்ளை அடுப்படியில இருக்கும். இடத்தை விடுங்க. அந்தப் பய நிஜ வானவில்லைக் காட்டுன்னு கேட்டான். ஒரு மழையைக் காங்கலியே." பாயை விரித்துக்கொண்டே, "அவங்க சிரிச்சப்ப அவனும் சிரிச்சான்ங்க" என்றாள். அதுதான் அவளை அறுத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்டில் குழாயிலும் தண்ணீர் நின்றுபோயிற்று. காலையில் காலனிக்கு டேங்கர் வர ஆரம்பித்தது. வகுப்புக்குக் கிளம்புகிற நேரமும் டேங்கர் வருகிற நேரமும் ஒன்றாகிவிட்டதால், குழந்தைகளை இடுப்பிலும் வாளிகளைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வரிசையில் நின்றார்கள். பூங்கோதையும் நின்றாள். டேங்கரில் குழாய் பிடிக்கிறவன் பெயர் கலியன், விழுப்புரம் பக்கத்துக்காரன். இந்தியில் எல்லோரையும் விரட்டுவான், தமிழ் முகத்தைக் கண்டால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்பான்.

ஒரு நாள் ரப்பர் குழாயின் கழுத்தில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து, ஓட்டை வழியாகத் தண்ணீர் புகை மாதிரி பீச்சியது. அப்போதுதான் கிழக்கே கட்டடத்துக்கு மேலே சூரியன் ஏறி வந்திருந்தது. பூங்கோதை குடத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தப் புகையின் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பும் பச்சையும் ஊதாவும் தெரிந்து அணைந்தன.

ஒரு அடி பின்னால் வைத்தாள். மறுபடி தெரிந்தது.

"அண்ணே, குழாயை அணைக்காதீங்க. விரலை வச்சு அமுக்கி மேலாப்புல தூவுங்க. ஒரு நிமிஷம்."

கலியன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "டீச்சரம்மா, ஒரு சொட்டு கீழ போனா இந்தப் பொம்பளைங்க என்னைக் கொன்னுடுவாங்க."

அவன் சொன்னது சரிதான். வரிசையிலிருந்த ஒரு பஞ்சாபிப் பெண்மணி அதற்குள் இடுப்பில் கை வைத்துவிட்டாள். ஊரே தண்ணீருக்குத் தவிக்கும்போது இது என்ன விளையாட்டு என்று இந்தியில் கேட்டாள். பூங்கோதைக்கும் மனசு கேட்கவில்லை. வீட்டில் தானே நேற்றுப் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் துளசிக்கு ஊற்றியவள். வரிசையைப் பார்த்தாள். வாளிகள், தவலைகள், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிகள்.

"பெஹன்ஜி, ஒரு சொட்டு வீணாகாது" என்று இந்தியில் சொன்னாள். "எல்லாப் பாத்திரத்தையும் இங்க கொண்டுவந்து நெருக்கமா வையுங்க. மேலே தூவுற தண்ணி அதிலேயே விழட்டும். யாருக்கு எவ்வளவு குறைஞ்சாலும் என் குடத்திலேருந்து எடுத்துக்கோங்க."

பஞ்சாபிப் பெண்மணி யோசித்தாள். பிறகு தன் தொட்டியையே முதலில் இழுத்து வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். தெருவின் குறுக்கே பாத்திரங்கள் ஒரு பாய் விரித்த மாதிரி நெருங்கி நின்றன. பூங்கோதை குழந்தைகளை ஓடிப்போய்ச் சேர்த்தாள்.

"எல்லாரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. உங்க நிழல் முன்னால விழணும். ம், அப்படித்தான். அண்ணே, இப்போ."

கலியன் குழாய் வாயில் கட்டைவிரலை அழுத்தி, கையை உயர்த்தினான். தண்ணீர் பொடிப்பொடியாக உடைந்து மேலே எழும்பிப் பாத்திரங்கள்மேல் இறங்கியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்றாள். அவன் நகர்ந்தான்.

வந்தது. பால் பூத்துக்குப் பக்கத்தில் கால் ஊன்றி, டேங்கரின் சக்கரத்துக்கு மேலாக வளைந்து, ஆள் உயரத்துக்கு ஒரு வானவில் நின்றது.

 குழந்தைகளிடமிருந்து ஒரே கூச்சல். பேசிக்கொண்டிருந்த அம்மாக்கள் பேச்சை விட்டார்கள். வரிசையின் கடைசியில் இரண்டு வாளியோடு நின்றிருந்த வேதாந்தம், "எங்கேம்மா, எனக்குத் தெரியலையே" என்று முன்னால் வந்தார்.

"சூரியனைப் பாத்து நிக்கறீங்க சார். திரும்பி நில்லுங்க."

அவர் குழந்தைகளோடு குழந்தையாக முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். 

சுப்பு பூங்கோதையின் புடவையைப் பிடித்திருந்தான். வாய் திறந்தபடியே இருந்தது. சாரல் முகத்தில் பட்டபோது மேல்பல் தானாகக் கீழ் உதட்டில் போய் உட்கார்ந்தது.

"ஆன்ட்டி, வானபில்லு."

பூங்கோதை குனிந்தாள். "என்ன சொன்னே?"

"வானபில்லு" என்றான் மறுபடியும், அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தோடு.

வாளியோடு நின்ற வெங்கடராமன் ருக்மிணியிடம், "முன்னாடி வந்துடுத்து. பின்னாடிதான் பாக்கி" என்றார். அவள் ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. சாரல் என்று நினைத்துக்கொண்டார்.

பாத்திரங்களில் தண்ணீர் கூடக்குறையத்தான் விழுந்திருந்தது. பஞ்சாபிப் பெண்மணியே நடுவில் நின்று இதிலிருந்து அதில் மொண்டு ஊற்றி எல்லோருக்கும் சரிக்கட்டினாள். பூங்கோதையின் குடத்தில் யாரையும் கை வைக்க விடவில்லை.

அன்று வகுப்பு முடிகிற நேரம் வேதாந்தம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை.

"எத்தனை மணிக்கு முடிக்கறே நீ?"

"பதினொன்னரைக்கு சார்."

"நாங்க அதுக்கு மேல வந்துக்கறோம். சீட்டுக்கட்டு எங்கேயும் ஓடிப்போயிடாது." போகத் திரும்பியவர் நின்றார். "ஆனா அந்த அனாவையும் எப்பவாவது சொல்லிக்குடும்மா. பாவம், அது முதல் எழுத்து."

"அம்மான்னு ஒரு வாரம் வச்சிருக்கேன் சார்" என்றாள். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகச் சிரித்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் கலியன் டேங்கரை நிறுத்திவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். "என் பொண்ணு, டீச்சரம்மா. சந்திரம்மாள். எங்க அம்மா பேரு. பள்ளிக்கூடத்துல அடுத்த வருஷம்தான் சேப்பாங்களாம். அதுவரைக்கும் உங்களாண்ட இருக்கட்டுமா?"

அவன் குடும்பம் இருந்தது சற்றுத் தூரத்துக் குடிசைப் பகுதியில். சங்க உறுப்பினர்களின் குழந்தைகளுக்குத்தான் வகுப்பு என்று இரண்டு அம்மாக்கள் முணுமுணுத்தார்கள். பூங்கோதை அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே காட்டவில்லை. சந்திரம்மாளைச் சுப்புவின் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்தால் மூடாது. கோழி குஞ்சு பொரித்தது, தம்பிக்குப் பல் முளைத்தது, அம்மா அப்பாவைத் திட்டியது என்று எல்லாவற்றையும் தமிழிலேயே பொரிந்து தள்ளுவாள். பதில் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். சுப்புவின் மீதி வானாக்கள் அந்த வாயாடலில்தான் சரியாயின. முணுமுணுத்த அம்மாக்களில் ஒருத்தி தீபாவளிக்குச் சந்திரம்மாளுக்கும் சேர்த்து மத்தாப்பு கொண்டுவந்தாள்.

மூன்றாவது தடவை வெங்கடராமன் பரீட்சையில் தேறினார். பிரமோஷன் வந்தது. பிரமோஷனோடு மாற்றலும் வந்தது, கல்கத்தாவுக்கு.

ருக்மிணி ஆர்டரைப் பற்றிச் சொல்ல வந்தவள், சொல்ல ஆரம்பித்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை நிறுத்த முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு பாடுபட்டு வானா வரவழைச்சேள். அங்கே ஊர் பூரா மாஷிமா. ஒரே மாசத்துல எல்லாம் பானாவாயிடும், பாருங்கோ."

பூங்கோதையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆகட்டுமே. அங்க நாலு பேருகிட்ட அவங்க மாதிரி பேசினாத்தான பிழைக்க முடியும். பஸ்ஸுல போர்டைப் படிக்கச் சொல்லிக்குடுங்க, அது போதும். வீட்டுக்குள்ள வந்தா நம்ம வானா தானா வந்துரும்."

"நிஜமாவா சொல்றேள்?"

"வரலைன்னா லீவுக்குக் கூட்டிட்டு வாங்க. மேகத்தைக் கட்டித் தொங்கவிட்டுருவோம்."

அடுத்த வருஷம், எண்பத்தெட்டில், மழை முந்தின வருஷத்துக் கடனையும் சேர்த்து அடைத்த மாதிரி பெய்தது. அப்படி ஒரு மழை நின்ற காலையில்தான் சுப்பு வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். தெருவெல்லாம் தண்ணீர். சுப்புவும் சந்திரம்மாளும் முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். மாஷிமா அவனைத் தூக்கி முத்தம் கொடுத்து வங்காளியில் ஏதோ சொல்ல, அவன் வங்காளியிலேயே பதில் சொன்னான். பஞ்சாபிப் பெண்மணி பரோட்டா கட்டிக் கொடுத்தாள், அவளிடம் இந்தியில் சொன்னான். கடைசியில் பூங்கோதையிடம் வந்தான்.

"போயிட்டு வரேன், ஆன்ட்டி."

"வா" என்றாள் பூங்கோதை.

அவர்கள் ஏறிய ஆட்டோ திரும்பி மறைந்ததும் சிவஞானம் குடையை எடுத்துக்கொண்டு, "வீட்டுக்குத்தான?" என்றார்.

"மார்க்கெட்டுக்குப் போயிட்டுப் போவோம். திங்கக்கிழமை புதுப் பிள்ளைங்க நாலு பேர் வருதுங்க. கலர் பேப்பர் வாங்கணும்."

"இந்தத் தடவை எந்த எழுத்து?"

"தெரியலை" என்று சொல்லிக்கொண்டே அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "முதல்ல பிள்ளைங்க வந்து பேசட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்."